இரவு மீட்டர் சொன்ன கணக்கு

வீட்டுச் செலவைக் குறைப்பது என்று முடிவெடுத்ததும் நான் ஒரு பட்டியல் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். விளக்கை அணைக்கணும், பல் துலக்கும்போது குழாயை மூடணும், சார்ஜரைப் பிடுங்கி வைக்கணும், பாத்திரத்தை மூடிச் சமைக்கணும். இரண்டு மாதம் வீட்டில் எல்லோரையும் அதைச் சொல்லியே துரத்தினேன். பிள்ளைகளும் அவரும் முகம் சுளிக்காமல் கேட்டார்கள். ஆனால் தண்ணீர்க் கணக்கும் சரி, மின் கணக்கும் சரி, பெரிதாக இறங்கவே இல்லை. எங்கள் கண்ணில் படாத ஏதோ ஒரு செலவு இருந்தாக வேண்டும். எல்லோரும் தூங்கும்போது இந்த வீடு என்ன செலவழிக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இரவு எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்தேன். மணி 10.40. காலையில் யாரும் குழாயைத் தொடும் முன், 5.50-க்கு மறுபடி போய்ப் பார்த்தேன். 64 லிட்டர் கூடியிருந்தது. இடையில் யாரும் எழுந்திருக்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்கூடப் பிடிக்கவில்லை. 7 மணி 10 நிமிடத்துக்கு 64 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 214 லிட்டர். நாங்கள் பல் துலக்கும்போது மிச்சம் பிடித்ததெல்லாம் இதன் முன்னால் எம்மாத்திரம்!

மீட்டர் பார்க்கத் தெரியாதவர்களுக்கு: எங்கள் மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் அதன் பின்னங்கள். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். பல மீட்டர்களில் நடுவே பொடிசாக ஒரு சக்கரமோ முக்கோணமோ இருக்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது மெதுவாகச் சுற்றினாலும் எங்கோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம். மீட்டருக்குப் பிறகு மாடித் தொட்டி இருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும், ஏனென்றால் தொட்டி நிரம்புவதையும் மீட்டர் சேர்த்து எண்ணும். அங்கே தொட்டிக்கு வரும் வால்வை இரவில் மூடிவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, காலையில் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால் போதும்.

சந்தேகம் நேராகச் சமையலறைக் குழாய் மீதுதான் போனது. பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி சொட்டும். அடியில் அளவுக் கோப்பையை வைத்து, 10 நிமிடம் நேரம் பார்க்கச் சொல்லி மகளை நிறுத்தினேன். "அம்மா, சரியா 60 மில்லி" என்றாள். நிமிடத்துக்கு 6 மில்லி, நாளைக்கு 8.6 லிட்டர், ஆண்டுக்கு 3100 லிட்டருக்கும் மேல். அதிர்ச்சியான எண்தான். ஆனால் அந்த இரவுக்கு மட்டும் கணக்குப் போட்டால் இந்தக் குழாயின் பங்கு 2.6 லிட்டர். மீதி 61 லிட்டர் வேறு எங்கோ போயிருக்கிறது. நாள்தோறும் காதில் விழுந்த சொட்டுச் சத்தம்தான் குற்றவாளி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சத்தமே போடாத ஒன்று அதைப்போல 20 மடங்குக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தது.

இருந்தாலும் கண் முன்னால் இருப்பதை முதலில் முடிப்போம் என்று குழாயைக் கையில் எடுத்தேன். முன்பு வந்து பார்த்த ப்ளம்பர், முழுக் குழாயையும் மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார். பித்தளைக் குழாய், உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டன் அளவு ரப்பர் துண்டு ஒன்று தேய்ந்ததற்காக அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

முதலில் அந்தக் குழாய்க்கு வரும் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டேன். சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்தேன். ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. கைப்பிடியின் தலையில் இருந்த சின்ன மூடியைத் திருப்புளி நுனியால் நெம்பி எடுத்து, அடியில் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றினேன். கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாக அடுக்கினேன். இது அப்பாவின் பழக்கம். அவரைப் போனில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கட்டத்தைச் செய்தேன். "நட்டு மேல ஸ்பேனரை வெறுமனே வைக்காதம்மா, துணியைச் சுத்தி வை. இன்னொரு கையால குழாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். குழாயைப் பிடிக்காமல் நட்டை மட்டும் திருகினால், மொத்தக் குழாயும் சுவருக்குள் இருக்கும் பைப்போடு சேர்ந்து திரும்பிவிடும். அப்புறம் சுவரை உடைக்கிற வேலை.

கைப்பிடியோடு சுழலும் தண்டான ஸ்பிண்டிலை வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்தது. அடியில் இருந்த வாஷர் கல் மாதிரி இறுகி, நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நாங்கள் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் உள்ளே இருக்கும் பித்தளை விளிம்பு அந்த ரப்பரை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சொட்டுகிறதே என்று பலம் கொண்டு இறுக்கினால் வாஷரின் ஆயுள்தான் குறையும். அரை அங்குலக் குழாய்க்கான வாஷர் கைவசம் இல்லாததால், அன்றைக்குப் பழையதையே திருப்பிப் போட்டுச் சமாளித்தேன். பள்ளம் இல்லாத பக்கம் சில நாள் தாங்கும். இரண்டு நாள் கழித்துப் புது வாஷர் வாங்கி மாட்டினேன். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் விட்டம், தடிமன், ஓட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் சரி.

குழாயின் உள்ளே இருக்கும் அந்தப் பித்தளை விளிம்பை விரலால் தடவியபோது ஒரு இடத்தில் லேசாகச் சொரசொரப்பு இருந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

அன்று இரவு மீட்டர் 61 லிட்டர் காட்டியது.

கழிவறை ஃப்ளஷ் டேங்க் என் பட்டியலிலேயே இல்லை. அதில் சத்தம் எதுவும் கேட்டதில்லை. அதற்கு மேல், டேங்குக்குள் போடுகிற நீல நிறச் சுத்தப்படுத்தும் மாத்திரையைப் பல மாதமாகப் பயன்படுத்தி வந்தோம். அதனால் கோப்பையில் தண்ணீர் எப்போதும் நீலமாகவே இருக்கும். பார்க்கச் சுத்தமாகத் தெரிந்தது. உண்மையில் டேங்க் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லித்தரும் முதல் சோதனையே தண்ணீரில் நிறம் கலப்பதுதான். சில சொட்டு நிறத்தை டேங்கில் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருந்தால், கசிவு இருக்கும்போது அந்த நிறம் கோப்பைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் நிறம் எப்போதுமே இருந்ததால் அந்தத் தடயம் மறைந்தே போயிருந்தது.

மாத்திரையை எடுத்துவிட்டு, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை ஃப்ளஷ் செய்தேன். பிறகு நிறம் விட்டுப் பார்த்தேன். 10 நிமிடத்தில் கோப்பையின் பின்சுவரில் மெல்லிய கோடாக நிறம் இறங்கியது. விரலை வைத்தால் ஈரம் நகர்வது தெரிகிறது, காதை வைத்தால் எதுவும் கேட்கவில்லை.

டேங்க் இரண்டு வழியில் கசியலாம். அடியில் இருக்கும் ரப்பர் சரியாக உட்காராமல் போவது ஒன்று. மிதவை கெட்டு, நீர்மட்டம் ஏறி, நடுவில் நிற்கும் வழிகுழாய்க்குள் வழிவது இன்னொன்று. பிரித்தறிவது சுலபம். டேங்குக்கு வரும் வால்வை மூடிவிட்டு, உட்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். மட்டம் கோட்டைவிட்டு இறங்கினால் அடி ரப்பர், நிறைந்தபடியே நின்றால் மிதவை. எங்களுடையது ஒரு மணி நேரத்தில் நன்றாகவே இறங்கியிருந்தது.

நடுவில் இருக்கும் வால்வைக் கால் சுற்று திருப்பி மேலே தூக்கினேன். அடியில் வளையம் போல இருந்த ரப்பர் வளைந்து, ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது. கையில் கறுப்பாக ஒட்டியது. குளோரின் கலந்த மாத்திரைகள் டேங்குக்குள் கரைந்தபடியே இருந்தால் ரப்பர் பாகங்களை அரித்து இறுக வைத்துவிடும். சுத்தத்துக்காக நான் காசு கொடுத்து வாங்கிப் போட்டதுதான் கசிவையும் உண்டாக்கி, கசிவை மறைக்கவும் செய்திருக்கிறது. இனி அந்த மாத்திரையை வாங்குவதில்லை. கோப்பையைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம், அது போதுமானதாக இருக்கிறது.

ரப்பர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு இருந்தது. வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் வழவழப்பானது. இங்கே ஒரு எச்சரிக்கை. குளோரின் உள்ள எதனுடனும் வினிகரோ எலுமிச்சை அமிலமோ சேரக் கூடாது, மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். மாத்திரையை எடுத்ததும் பல முறை ஃப்ளஷ் செய்து டேங்கைக் கழுவியதற்கு நிறம் தெளிவது மட்டும் காரணமில்லை.

புது ரப்பர் வளையம் மாட்டிய இரவு மீட்டர் 1.2 லிட்டர் மட்டுமே காட்டியது. 61-லிருந்து 1.2! நாளைக்கு 200 லிட்டர், ஆண்டுக்கு 73,000 லிட்டர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையத்தால் நின்றது. காலையில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுத்திகரித்து, மோட்டார் வைத்து ஏற்றி வீடு வரை வந்த நல்ல தண்ணீர் அத்தனையும் யாருக்கும் உதவாமல் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

டேங்கில் செங்கல் போட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்வார்கள். நான் முன்பு போட்டுப் பார்த்திருக்கிறேன். செங்கல் நாளடைவில் கரைந்து மண்ணாகி அடி ரப்பரில் போய்ச் சிக்கிக்கொள்ளும். கட்டாயம் வேண்டுமென்றால் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில் நல்லது. ஆனால் ஒரு ஃப்ளஷில் போக வேண்டியது இரண்டு ஃப்ளஷ் கேட்டால் அதுவும் நஷ்டம்தான். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது, எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்த 1.2 லிட்டரை விட மனசில்லை. எல்லாக் குழாயின் வாயிலும் டிஷ்யூ தாளை ஒட்டிப் பார்த்தேன். குளியலறையில் வெந்நீர்க் குழாயின் தாள் மட்டும் நனைந்தது. அது சொட்டாமல் சுவரை ஒட்டியே வழிந்ததால் தெரியவில்லை. 1.2 லிட்டர் ஒரு இரவுக்கு, நாளைக்கு 4 லிட்டர். தண்ணீராகப் பார்த்தால் சிறிதுதான், ஆனால் இது காய்ச்சிய தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸ் சூடேற்றக் கிட்டத்தட்ட 35 வாட்-மணி மின்சாரம் வேண்டும். 4 லிட்டருக்கு நாளைக்கு 140 வாட்-மணி. 1000 வாட்-மணி ஒரு யூனிட் என்பதால் ஆண்டுக்கு 51 யூனிட். ஒழுகும் குழாய்களில் எதை முதலில் பழுது பார்ப்பது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் வெந்நீர்க் குழாயைத்தான் சொல்வேன்.

இது கால் திருப்பில் திறக்கும் வகை. இதில் ரப்பர் வாஷருக்குப் பதில் பீங்கான் தகடு இரண்டு ஒன்றன் மேல் ஒன்று உரசியபடி இருக்கும். அந்தத் தகடுகள் அடங்கிய உள்பாகமான கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து ஓடும் தண்ணீரில் காட்டியதும் மணல் துகள் ஒன்று விழுந்தது. தகட்டில் கீறல் இல்லை, அது நல்வாய்ப்பு. கீறியிருந்தால் கார்ட்ரிட்ஜை மொத்தமாக மாற்றியிருக்க வேண்டும். கசிவைத் தடுக்கும் சின்ன ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினேன். வாசலின் தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய்ப் பொருள்கள் பல வகை ரப்பரை ஊதிப் போக வைத்துவிடும்.

மறுநாள் காலை மீட்டரில் இரவு எண்ணே இருந்தது. மகள் இரண்டு முறை படித்துப் பார்த்து உறுதி செய்தாள்.

இதே கண்ணோடு மின்சாரத்தைப் பார்த்தேன். டிஜிட்டல் மின்மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் ஒரு பொட்டு இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும், எங்களுடையதில் 3200. விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்து, ஃப்ரிட்ஜைக்கூட ப்ளக்கிலிருந்து எடுத்துவிட்டு 10 நிமிடம் எண்ணினோம். 16 சிமிட்டல். கணக்குப் போட்டால் 30 வாட். எதையுமே பயன்படுத்தாத வீடு 30 வாட் எடுத்துக்கொண்டிருந்தது.

ஓயாமல் ஓடும் ஒரு வாட் ஆண்டுக்கு 8.76 யூனிட். ஏனென்றால் ஆண்டுக்கு 8760 மணி நேரம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், எதைத் துரத்துவது எதை விடுவது என்று தெரிந்துவிடும். ப்ளக்கில் மாட்டும் சிறு வாட் மீட்டரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செட்-டாப் பாக்ஸ் 11 வாட், அணைத்த மாதிரி இருந்தாலும் ஏறக்குறைய அதேதான். இணைய ரூட்டர் 7. பழைய ஸ்பீக்கர் 6. பிரிண்டர் 4. மற்றவை எல்லாம் சேர்ந்து 2. போன் மாட்டாத சார்ஜருக்கு மீட்டர் பூஜ்யம் காட்டியது. இரண்டு மாதம் பிள்ளைகளை நான் துரத்தியது அந்தப் பூஜ்யத்துக்காக. அன்று மாலையே இருவரையும் கூப்பிட்டு அதைச் சொன்னேன்.

செட்-டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், பிரிண்டர் மூன்றையும் ஸ்விட்ச் உள்ள ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டினேன். பார்த்து முடித்ததும் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் போதும். பயன்படுத்தும் நேரம் போக ஆண்டுக்குச் சுமார் 160 யூனிட் மிஞ்சும். ரூட்டரை விட்டுவிட்டேன். இரவில் அதை அணைத்தால் மறுநாள் காலையில் வீடு ரெண்டுபடும்.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. சுற்றிலும் சோதித்ததில் கீழ் மூலை ஒன்று மட்டும் தளர்வு. போனின் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, அறையை இருட்டாக்கிப் பார்த்தபோது அதே மூலையில் நூல் போல வெளிச்சம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான கேஸ்கட்டின் மடிப்பில் கறுப்புப் பூஞ்சையும் பிசுக்கும் அப்பியிருந்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷை நனைத்து மடிப்பு மடிப்பாகத் துலக்கித் துடைத்தேன். மூலை அப்போதும் உட்காரவில்லை. முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ரப்பர் இளகும்வரை காட்டி, விரலால் இழுத்து வடிவுக்குக் கொண்டுவந்து, கதவை மூடி ஆறவிட்டேன். பிறகு தாள் பிடித்தது. முன் கால்களைத் துளி உயர்த்தினேன், கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொள்கிறது. ப்ளக்கை எடுத்துவிட்டுப் பின்பக்கக் கம்பிச் சுருளில் இருந்த தூசியையும் தட்டினேன். சூட்டை வெளியேற்றும் இடம் அது, தூசி போர்த்தியிருந்தால் கம்பிரசர் கூடுதல் நேரம் ஓடியாக வேண்டும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு மறுநாள் பார்த்தால் 2 டிகிரி இருந்தது. 4 டிகிரியே போதும், குமிழைத் திருப்பினேன். 24 மணி நேர அளவு 1.6 யூனிட்டிலிருந்து 1.4-க்கு வந்தது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் இதுவும் இரவு பகல் பார்க்காமல் ஓடுவது. ஆண்டுக்கு 73 யூனிட்.

இத்தனைக்கும் வாங்கியது ஒரு வாஷர், ஒரு ரப்பர் வளையம், ஒரு ஓ-ரிங், சின்ன டப்பா சிலிக்கான் கிரீஸ், ஒரு நீட்டிப்புப் பலகை. குப்பைக்குப் போனது மூன்று ரப்பர் துண்டுகள். குழாயும் டேங்கும் ஃப்ரிட்ஜும் அப்படியே இருக்கின்றன. கதவில் இருந்த பட்டியலில் பாத்திரத்தை மூடிச் சமைப்பதும் விளக்கை அணைப்பதும் இருக்கட்டும் என்று விட்டேன், சார்ஜர் வரியை அடித்தாகிவிட்டது.

மாதத்தில் ஒரு இரவு மீட்டர் எண் எடுக்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். இந்த மாதம் அரை லிட்டர் கூடியிருந்தது. சமையலறைக் குழாய்தான், உள்விளிம்பில் நான் தடவிப் பார்த்த அந்தச் சொரசொரப்பு புது வாஷரையும் வெட்டத் தொடங்கிவிட்டது. 10 நிமிடத்துக்கு 12 மில்லி. விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தும் கருவி அப்பாவிடம் இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அடியில் ஒரு வாளி நிற்கிறது, வீடு துடைக்க அந்தத் தண்ணீர்தான்.